அகலக் கழுத்து அங்கி

ஜன்னலோரமாக உட்கார்ந்து மாமியார் ஷெகெர் புது அங்கி தைத்துக்கொண்டிருந்தாள். நீலத்தில் சின்னச் சின்னப் பூப்போட்ட துணி, நல்ல துணிதான். தேநீர்க் கிண்ணத்தை அவள் பக்கத்தில் வைக்கும்போதுதான் உல்மெகென் அந்தக் கழுத்தைக் கவனித்தாள். அவ்வளவு அகலமாக எந்தப் பெண்ணும் தனக்குக் கழுத்து வெட்டிக்கொள்ள மாட்டாள். போட்டால் தோளில் நிற்காமல் வழிந்து விழும். ஒரு பச்சைக் குழந்தை தலையும் தோளுமாகத் தாராளமாக உள்ளே போய்விடும்.

உல்மெகெனின் கை தானாகத் தன் வயிற்றின்மேல் போயிற்று. நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்ன அத்தை, புதுசா?"

"ஆமா கண்ணு. பழசெல்லாம் இத்துப்போச்சு. நீ குனியாதே. கிண்ணத்தை நானே எடுத்துக்குவேன்ல?"

அன்பாகத்தான் சொன்னாள். கொடுமைக்கார மாமியார் என்று யாராவது ஷெகெரைச் சொன்னால் ஊரே சிரிக்கும். அந்தக் கழுத்தின் ஓரத்தை அவள் இரட்டைத் தையலாகப் போட்டுக்கொண்டிருந்தாள், குழந்தையின் தோல் உரசிச் சிவக்கக் கூடாது என்று.

எங்கள் சிர் ஆற்றங்கரைப் பக்கம் தலைச்சன் பிள்ளை பெற்றவளுக்குச் சொந்தமில்லை. அது அப்பனைப் பெற்றவர்களுக்கு. பிடுங்கிக்கொள்வது என்று யாரும் சொல்வதில்லை, மடியில் போட்டுக்கொள்வது என்பார்கள். சில வீடுகளில் பேருக்கு வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவதும் உண்டு. ஷெகெர் புகுந்த வீட்டு வழக்கம் கொஞ்சம் கெட்டியானது. பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றே, ஊர்ப் பெண்கள் பார்க்க, மாமியார் தன் அங்கியின் கழுத்து வழியாக அதை உள்ளே விட்டு, கீழ் ஓரத்தின் வழியாக எடுப்பாள். எடுத்துவிட்டால் அவள் பெற்றது. அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்கு அப்பன் அண்ணன் ஆகிவிடுவான், சுமந்து பெற்றவள் அண்ணி ஆகிவிடுவாள். அண்ணிக்கு ஒரு வேலை மட்டும் மிச்சமிருக்கும். பசித்தால் கூப்பிடுவார்கள், போய்ப் பால் கொடுத்துவிட்டு வரவேண்டும்.

உல்மெகெனின் புருஷன் கைசார் அப்படியொரு கழுத்து வழியாக இறங்கியவன்தான். ஷெகெர் பெற்ற தலைச்சன் அவன். பாட்டியும் தாத்தாவும் மடியில் போட்டு வளர்த்தார்கள். அவர்களைத்தான் அம்மா, அப்பா என்றான். பெற்ற அப்பனை, அந்த மனிதர் போன குளிர்காலத்தில் சாகும்வரை, அண்ணன் என்றே கூப்பிட்டான். ஷெகெரை இன்றைக்கும் அண்ணி என்கிறான். வளர்த்த இருவரும் செத்துப்போனதால் மருமகளுக்கு மாமியார் என்ற முறையும் அவள் தலைச்சன்மேல் உரிமையும் மட்டும் ஷெகெருக்கு வந்து சேர்ந்திருந்தன. ஷெகெர் பாடு அதைவிட மோசம். எங்கள் பெண்கள் புருஷன் கூடப் பிறந்தவர்களின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. அவனோ கணக்குப்படி புருஷனின் தம்பி. அதனால் தன் தலைச்சனுக்கு அவள் வைத்த பட்டப்பெயர், கடைக்குட்டி. முப்பது வருஷமாக "கடைக்குட்டி, சாப்பிட வா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்து வெகுநாளாயிற்று.

கைசாருக்குப் பிறகு ஷெகெருக்கு ஒரே ஒரு மகள். அவள் கல்யாணமாகிக் கடலோரத்து அக்தாவுக்குப் போய்விட்டாள், பண்டிகைக்குப் பண்டிகை போன் பண்ணுவாள். வாய் நிறைய அம்மா என்று கூப்பிட இந்த உலகத்தில் ஷெகெருக்கு இருந்தது அந்த போன் குரல் மட்டும்தான்.

வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. கூடத்தில் இருந்த தொட்டில் ஒரு நாள் ஷெகெரின் அறைக்குப் போயிருந்தது. இன்னொரு நாள் தொட்டிலில் விரிக்கிற ஆட்டுக்குட்டித் தோலைத் தட்டி வெயிலில் காயப்போட்டாள். யாரையும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? காற்று வடக்கேயிருந்து வருகிறது என்று யாராவது வீட்டில் அறிவிப்பார்களா!

வாய்விட்டுப் பேசியவள் ஒருத்திதான். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற பயான், பக்கத்து வீட்டுக்காரி. வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"ஏ மருமகளே, உள்ளே இருக்கிறது யாரு? பையன்னா உனக்குக் கொழுந்தன், பொண்ணுன்னா நாத்தனார். கொழுந்தனை வயித்துல வச்சுச் சுமக்கிறவ நீதான்டி!"

"போங்கக்கா."

"என்ன போங்கக்கா? நாத்தனார்னா பார்த்து. வெளியே வந்ததுமே உன்னை அதிகாரம் பண்ணுவா."

பயான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவளுடைய மூத்தவனும் அவள் மாமியாரிடம்தான் வளர்ந்தான். உல்மெகென் தன் சொந்த அம்மாவுக்கு போன் பண்ணி அழுதபோது அங்கேயும் அதே கதைதான். "தலைச்சன் பெரியவங்களுக்கு. அதுக்கு என்னடி அழுகை? பின்னாடி பத்துப் பெத்துக்கோ, யாரு வேண்டாம்னா?"

உல்மெகென் போனை வைத்துவிட்டாள். பின்னாடி ஒன்றுகூடக் கிடையாது. மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டரம்மா கருவியை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டுச் சொல்லியிருந்தாள்: சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தைக் கெடுத்திருக்கிறது, இந்தப் பிள்ளையைப் பத்திரமாகப் பெற்றுவிடலாம், இன்னொன்று என்றால் உயிர் தங்காது. இது வெளியே தெரிந்தால் சீக்காளி மருமகள் என்ற பட்டம் கிடைக்கும். கைசாருக்கு இரண்டாவதாக ஒருத்தியைப் பார் என்று உறவு சனமே கிளம்பி வரும். எதைச் சொன்னால் பிள்ளை தன்னிடம் தங்கக்கூடுமோ அதை அவளால் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை.

தான் வேலை பார்க்கும் எண்ணெய் வயலில் முறை முடிந்து, பிரசவத்துக்காக லீவும் சொல்லிவிட்டுக் கைசார் வந்து சேர்ந்தான். மறுநாள் காலை அவன் முற்றத்தில் சாக்சவுல் விறகுக் கட்டைகளைப் பாறைமேல் ஓங்கி அடித்து உடைத்துக்கொண்டிருந்தபோது உல்மெகென் போய் எதிரில் நின்றாள்.

"அங்கி தைச்சு முடிச்சாச்சு. பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நான் பிள்ளையைக் குடுக்க மாட்டேன் கைசார்."

அவன் கட்டையைக் கீழே போட்டான். "என்ன பேச்சு இது? நான் அப்படித்தானே வளர்ந்தேன். கெட்டா போயிட்டேன்? ஒரே வீடு. பிள்ளை உன் கண்ணு முன்னாடிதான் இருக்கும்."

"கண்ணு முன்னாடி இருந்துக்கிட்டு என்னை அண்ணின்னு கூப்பிடும்."

"அடுத்தது அம்மான்னு கூப்பிடும். அதுக்கென்ன இப்போ?"

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னாள். கைசார் கட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டான். நல்லவன்தான், பெண்டாட்டி மேல் உயிராக இருப்பவன். ஆனால் யார் மனமும் நோகாமல் எல்லாம் தானாகச் சரியாகிவிட வேண்டும் என்று நினைக்கிற ரகம். அந்த ரகத்து ஆண்களால் எத்தனை பெண்கள் நாசமாய்ப் போனார்கள் என்று ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

"நான் பேசுறேன்" என்று எழுந்தான். "நீ கவலைப்படாதே."

ஷெகெரின் அறைக்குள் போனான், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். முகத்தைப் பார்த்ததுமே உல்மெகெனுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன சொன்னாங்க?"

"உன் நெஞ்சு விஷயத்தைச் சொன்னேன். கேட்டா மனசு இளகும்னு நெனச்சேன்."

"ஐயோ! அதைப் போய்ச் சொன்னியா?"

"அழுதாங்க உல்மெகென். நெசமாவே அழுதாங்க. அப்புறம்... அப்படின்னா பிள்ளை என்கிட்ட இருக்கிறதுதான் நல்லது, அவளால எங்கே தூக்கி வளர்க்க முடியும், ராத்திரி கண்ணு முழிக்க முடியுமான்னு கேக்கிறாங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணாங்க."

சொன்னபடியே ஷெகெர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அன்று முதல் உல்மெகென் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டாள், மாவு பிசைவதை வாங்கிக்கொண்டாள், ஒட்டகத்தைக் கறக்க விடவில்லை. கொழுப்புப் பிடித்த இறைச்சித் துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தாள். ஒவ்வொரு வேலையாக அவளிடமிருந்து வாங்கிக்கொண்டே வருகிறாள், கடைசியில் எதை வாங்கப் போகிறாள் என்பது தெரிந்த கதை. அந்த அக்கறையைப் பார்க்கப் பார்க்க உல்மெகெனுக்குக் குளிரெடுத்தது.

இனிப் புருஷனை நம்பிப் பயனில்லை என்று அவளே ஒரு பிற்பகலில் மாமியாரின் அறைக்குப் போனாள். அங்கி சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஷெகெர் தொட்டிலுக்கு நாடா பின்னிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, உங்க கடைக்குட்டியை உங்ககிட்டேருந்து எடுத்தாங்களே, அன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

ஷெகெர் கை நிற்கவில்லை. "எதுக்கு இப்போ அதெல்லாம்?"

"எனக்குத் தெரியணும்."

"எப்படி இருக்கும்? மாரு கட்டிக்கிச்சு. காய்ச்சல் வந்துச்சு. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் நான் படுத்திருப்பேன், இந்தப் பக்கம் அவன் அழுவான். கூப்பிட்டாதான் வரணும், கூப்பிடலேன்னா வரக்கூடாது. என் மாமியார் பால் இல்லாத மாரை வாயில வச்சுத் தூங்கவைக்கப் பார்ப்பாங்க. எனக்கு அங்கே சட்டையெல்லாம் நனைஞ்சுபோகும்." நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். "முதல் முதலா வாய் திறந்து என்னை அண்ணின்னான். எல்லாரும் கைதட்டிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"இவ்வளவும் தெரிஞ்சுமா அத்தை, எனக்கு அதையே பண்றீங்க?"

"தெரிஞ்சதனாலதான்டி. மனுஷி தாங்குவா. நான் தாங்கலையா?" முதல் முறையாக அவள் குரல் உயர்ந்தது. "என்கிட்டேருந்து ஒண்ணு எடுத்துக்கிட்டாங்க. எனக்கு ஒண்ணு வரணும். இத்தனை வருஷமா நான் எதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன்னு நெனச்சே? இந்த வீட்டுச் சோத்துக்கா?"

அந்தக் கோபத்தில் உல்மெகெனுக்கு ஒரு வழி தெரிந்தது. அதுவரை மாமியாரிடம் கேட்கத்தான் வந்திருந்தாள். கொடுப்பதற்கும் ஒன்று தன்னிடம் இருப்பது அப்போதுதான் உறைத்தது.

"உங்களுக்கு வரவேண்டியது என் பிள்ளை இல்லையே அத்தை, உங்க பிள்ளைதானே? அவன் உங்களை அம்மான்னு கூப்பிட்டா? ஊரறிய, எல்லார் முன்னாடியும் கூப்பிட்டா? என்னுதை விட்டுடுவீங்களா?"

பின்னுகிற கை நின்றது. ஷெகெர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். முற்றத்தில் கைசார் தண்ணீர்ப் பீப்பாயை உருட்டிக்கொண்டு போனான். அவன் வேலி தாண்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கைசார்" என்றாள் மெதுவாக. சொல்லக் கூடாத பெயர். அவள் வாயிலிருந்து அதை யாரும் கேட்டதில்லை. சொல்லிவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"கூப்பிடுவானா?"

"கூப்பிடுவான். நான் கூப்பிட வைக்கிறேன்."

"பிள்ளை என் கழுத்து வழியா இறங்கறதுக்கு முன்னாடி கூப்பிடட்டும். ஒரே ஒரு தடவை போதும். நான் அங்கியைக் கழட்டி அடுப்புல போட்டுடுவேன். இறங்கிட்டா அப்புறம் பேச்சுக் கிடையாது. இறங்கினது நான் பெத்தது."

இவ்வளவு சுலபமா என்று உல்மெகெனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு வார்த்தை. ஊரில் ஆட்டுக்குட்டிகூடக் கத்துகிற வார்த்தை. கைசாரைத் தொழுவத்துக்குள் இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள்.

"அவ்வளவுதானா?" என்று அவனும் சிரித்தான். "இது ஒரு பெரிய காரியமா?"

"எங்கே, சொல்லிக் காட்டு."

"அம்மா."

"எங்கேயோ பார்த்துக்கிட்டுச் சொல்லாதே. அவங்க முகத்தை நெனச்சுக்கிட்டுச் சொல்லு."

கண்ணை மூடினான். வாயைத் திறந்தான். "அண்... ச்சே!"

"ஏன்டா, உன் நாக்குக்கு ரிவர்ஸ் கியர் மட்டும்தானா?"

இருவரும் சிரித்தார்கள். ஒட்டகம் திரும்பிப் பார்த்தது. பிறகு கைசாரின் சிரிப்பு மெல்ல அடங்கிப்போயிற்று.

"முடியலை உல்மெகென். அம்மான்னு சொன்னா அவங்க முகம் வருது, என்னை வளர்த்தவங்க முகம். நான்தானே அவங்களுக்கு மண்ணு போட்டேன். இன்னொருத்தரை அப்படிக் கூப்பிட்டா, மறுபடி ஒரு தடவை மண்ணு போடற மாதிரி இருக்கு."

"செத்தவங்களுக்கு ஒண்ணும் வலிக்காது. எனக்கு வலிக்கும்."

"சொல்றேன். கண்டிப்பாச் சொல்றேன். ரெண்டு நாள் குடு."

அந்த இரண்டு நாள் நீண்டுகொண்டே போனது. சாப்பிட உட்காருவான், தொண்டையைக் கனைப்பான். உல்மெகென் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். "உப்பு இருக்கா?" என்பான். ஷெகெர் உப்பை நகர்த்தி வைப்பாள். இதில் உல்மெகெனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது ஷெகெரின் முகம்தான். அந்தப் பேச்சு நடந்ததிலிருந்து அவள் நல்ல முக்காடு போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள், பெட்டியிலிருந்து வெள்ளித் தோடுகளை எடுத்துப் போட்டிருந்தாள். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுவாள். அவனுக்குப் பிடிக்கும் என்று ஆற்று மீனை எண்ணெயில் முறுவலாகப் பொரித்து வைப்பாள். அவன் சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு அண்ணி" என்று எழுந்து போவான்.

அங்கி ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. காற்று வந்தால் அதன் கழுத்து வாயைத் திறந்து மூடியது.

வலி முன்கூட்டியே வந்துவிட்டது. மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒரு பகல் முழுக்க உல்மெகெனைப் பாடாய்ப் படுத்திவிட்டு ஆண் குழந்தை பிறந்தது. நெஞ்சு தாங்கியது. பிள்ளையை அவள் மேல் படுக்கவைத்தபோது டாக்டரம்மா காதருகே குனிந்து, "இதோட போதும், தெரியுதா?" என்றாள். உல்மெகென் தலையை ஆட்டினாள். அவ்வளவு சின்ன விரல்களில் அவ்வளவு சின்ன நகங்கள் இருந்தன. இது என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை என்று அவளுக்குச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. படுக்கையிலிருந்தே புருஷனுக்கு போன் போட்டாள்.

"சொல்லிட்டியா?"

"நீ வீட்டுக்கு வந்துடு. வந்ததும் சொல்லிடறேன்."

"வந்ததும் ஊரே வந்துடும்டா!"

"நல்லதாப் போச்சு. எல்லார் முன்னாடியும்தானே சொல்லணும்."

வீட்டுக்கு வந்தபோது அவள் பயந்தபடியே கூடம் நிறையப் பெண்கள். தரைவிரிப்பில் பலகாரமும் மிட்டாயும் இறைந்து கிடந்தன. தேநீருக்குச் சமோவாரில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. உல்மெகெனைத் திண்டு போட்டுச் சாய்த்து உட்காரவைத்தார்கள். பயான் வந்து கையை நீட்டினாள்.

"குடுடி. நல்ல நேரம் போகுது."

கொடுக்க மாட்டேன் என்று கத்த வேண்டும். ஓடிவிட வேண்டும். அதையெல்லாம் அவள் வழிநெடுக வண்டியில் யோசித்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் பெரியவர்கள் கேட்டால் கொடு, மறுபேச்சுப் பேசாதே என்று பிறந்த நாளிலிருந்து பழக்கிவைத்த கைகள் தாமாகவே விரிந்தன. பயான் பிள்ளையை எடுத்துக்கொண்டாள். தன் கைகளையே உல்மெகென் வெறுத்தாள்.

ஷெகெர் உள்ளேயிருந்து வந்தாள். போட்டிருந்த உடைக்குமேல் அந்த நீல அங்கி. இரண்டு பெண்கள் அதன் கழுத்தை இருபக்கமும் பிடித்து விரித்தார்கள்.

"இறக்கலாமா?" என்றாள் பயான்.

"இரு, முக்காடு நழுவுது." முக்காட்டைச் சரிசெய்தாள். பிறகு கழுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "ஒரு வாய் தண்ணி குடுங்க" என்றாள். குடித்தாள். "சமோவார்ல தண்ணி இருக்கா பாருங்க, வத்திடப் போகுது."

"என்னக்கா, புதுப்பொண்ணு மாதிரி நாணிக் கோணிக்கிட்டு!" என்று யாரோ கேலி பண்ணினார்கள். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காத்திருக்கிறாள் என்று உல்மெகெனுக்குப் புரிந்தது. அந்தக் கூடத்தில் தன்னைப் போலவே தவித்துக்கொண்டிருந்த இன்னொரு ஜீவன் அவள்தான். அந்த ஒரு நிமிஷம் மாமியாரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது.

கைசார் வாசலில் வந்து நின்றான். தொப்பி கையிலிருந்தது, முகம் வெளிறியிருந்தது.

"ஆம்பளைக்கு இங்கே என்னடா வேலை? போய் ஆட்டை அறு, போ!" என்று ஒருத்தி விரட்டினாள்.

அவன் போகவில்லை. வாயைத் திறந்தான், மூடினான். பெண்கள் தங்களுக்குள் சிரித்தார்கள். ஷெகெரின் கண் அவனை விட்டு அசையவில்லை. இதற்குமேல் சாக்குச் சொல்ல அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை. பயான் துணியைப் பிரித்துப் பிள்ளையைத் தூக்கிப் பிடித்தாள், அது வீறிட்டது. தலை அங்கியின் கழுத்துக்குள் போயிற்று. ஒரு தோள் போயிற்று. ஷெகெர் இரண்டு கையாலும் அதை அங்கேயே தாங்கி நிறுத்திக்கொண்டாள். மேலே இழுக்கவும் இல்லை, கீழே விடவும் இல்லை.

"சொல்லு" என்றாள் உல்மெகென். குரல் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

கைசார் ஒரு எட்டு முன்னால் பாய்ந்தான். கை நீண்டது. உடம்பு மொத்தத்தையும் கூட்டிக் கத்தினான்.

"அண்ணி!"

முப்பது வருஷப் பழக்கம். அவசரத்தில் நாக்கு தனக்குத் தெரிந்த பாதையில் ஓடிவிட்டது.

கூடமே கொல்லென்று சிரித்தது. "அண்ணியை ஒரு நிமிஷம் பிரிஞ்சிருக்க முடியலையாம்!" "பயப்படாதேடா, உன் அண்ணி உனக்கும் சோறு போடுவா!" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஷெகெர் கண்களை மூடிக்கொண்டாள். மூடிய பிறகு கைகளைத் தளர்த்தினாள். நீலத் துணிக்குள் ஒரு சின்ன மேடு நழுவி இறங்குவதை உல்மெகென் பார்த்தாள். நெஞ்சில், வயிற்றில், அப்புறம் தொடைக்கருகில். ஒரு பெண் கீழே உட்கார்ந்து விளிம்பைத் தூக்கிப் பிள்ளையை வெளியே எடுத்தாள். "பெத்தாச்சு! ஷெகெர் பிள்ளை பெத்தாச்சு!" என்று மிட்டாயை வாரி இறைத்தார்கள்.

அப்போதுதான் கைசாருக்கு அந்த வார்த்தை வந்தது.

"அம்மா" என்றான். "அம்மா. அம்மா."

தடையில்லாமல் வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தான், கண்ணீர் தாடையில் ஓடியது. பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். வளர்த்தவள் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது, பாவம், என்று மூத்தவள் ஒருத்தி உள்ளங்கைகளை விரித்தாள். எல்லோரும் கைகளை விரித்துச் செத்தவளுக்காக முணுமுணுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். ஷெகெர் மட்டும் கை விரிக்கவில்லை. அவள் கையில் பிள்ளை இருந்தது.

அவள் கைசாரைப் பார்த்தாள். வருஷக்கணக்காகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை, இப்போது அது எதற்கும் உதவாது என்று இருவருக்கும் தெரியும். பிறகு குனிந்து கையிலிருந்ததன் நெற்றியில் முத்தமிட்டாள்.

"அழாதேடா என் தங்கம்" என்றாள். "அண்ணி இப்போ பால் குடுப்பா."

கொண்டுவந்து உல்மெகென் மடியில் வைத்தாள். மெதுவாக, தலையைத் தாங்கி, பழகிய கையால் வைத்தாள். அவள் முதுகுக்கு இன்னொரு திண்டு கொடுத்தாள். "குடிச்சு முடிச்சதும் கூப்பிடு கண்ணு, வந்து எடுத்துக்கிறேன்" என்று தலையை வருடிவிட்டு விருந்தாளிகளுக்குத் தேநீர் ஊற்றப் போனாள். கைசார் எப்போது வெளியே போனான் என்று யாரும் கவனிக்கவில்லை.

பிள்ளை மாரைத் தேடிக் கண்டுபிடித்து உறிஞ்ச ஆரம்பித்தது. அங்கே இருந்த அத்தனை பேரையும், சமோவாரையும், மிட்டாயையும், வீட்டோடு சேர்த்துக் கொளுத்த வேண்டும் போல உல்மெகெனுக்கு இருந்தது. கொஞ்ச நேரம் அப்படி இருந்தது. பால் இறங்க இறங்க அந்த நெருப்பு தணிந்து, அதனடியில் வேறொரு யோசனை தலைகாட்டியது. இவன் வளர்வான். மீசை முளைக்கும். இவனுக்கும் ஒருத்தி வருவாள், அவளுக்கும் ஒரு தலைச்சன் பிறக்கும். அதற்குள் ஷெகெர் போய்ச் சேர்ந்திருப்பாள். நான் இருக்க வேண்டும். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினால், பாரம் தூக்காமல் இருந்தால், நான் இருப்பேன். அந்தப் பெண் எந்த ஊரில் எவள் வயிற்றில் வந்து பிறக்கப் போகிறாளோ! அவளை நினைத்து உல்மெகெனுக்குத் துளிகூட இரக்கம் வரவில்லை.